குறிப்பு என்னும் கட்டம்

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்.
தேதி, நேரம், நீர்மட்டம், திறப்பு,
கடைசியில் குறிப்பு.
எனக்கு முன்னிருந்தவர் ஒன்பது வருசம்
அதில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார்.
மாதத்துக்கு முப்பது இல்லை,
சில மாதம் முப்பத்தொன்று.

நான் மாசியில் வந்தேன், விஞ்சில்,
அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே
முழங்காலைக் கட்டிக்கொண்டு.
கோதையாற்று மேலணையில் அன்று
குற்றிகள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன.

சித்திரையில் ஏரி நாளுக்கு ஒரு விரல் இறங்கும்.
அணை கட்டின காலத்தில் வெட்டின காட்டின் அடிமரங்கள்
கறுப்பாய், ஒவ்வொன்றாய், தலை காட்டும்.
முதல் குற்றியை நகத்தால் சுரண்டி மோந்துவிட்டு
நாங்கு என்றார் வாச்சர் பரப்பன் காணி.
வெண்தேக்கு என்றார் வின்சிலாஸ்.
சாயா ஆறும்வரை சண்டை.
குற்றி எதுவும் சொல்லவில்லை.

நான் எழுத ஆரம்பித்தேன்:

*ஏப்ரல் 19. நீர்நாய் ஏழு. ஒன்று மல்லாந்து கிடந்து
மீனை வெள்ளரிப்பிஞ்சு மாதிரிக் கடித்தது.*

*ஏப்ரல் 22. மிளா, கழுத்தளவு தண்ணீரில், முக்கால் மணி நேரம்.
நான் கடிகாரம் பார்த்தேன். அது பார்க்கவில்லை.*

*ஏப்ரல் 23. ஈற்றைக்காட்டில் ஒடியும் சத்தம். ஆனை தெரியவில்லை.
குளிக்கப் போகவில்லை.*

*ஏப்ரல் 27. ஷட்டர் பக்கத்து ஈரப்பாறையில் அழுகண்ணி,
ஒரு ரூபாய் அகலம். மயிர்தோறும் ஒரு துளி.
நேற்று ஒட்டின கொசு இன்று சிறகு மட்டும்.*

அது என்னைக் கடித்துவிட்டுப் போன கொசுவாக இருந்தால்
என் ரத்தத்திலும் கொஞ்சம்
அந்தச் செடிக்குள் இருக்கும்.
இதைப் பதிவேட்டில் எழுதவில்லை.

நாலாவது குற்றியில் முக்குளிப்பான் கூடு கட்டியிருந்தது.
கூடு என்றால், அழுகின பாசியும் கோரையும்
குவித்துவைத்த ஈரக் குப்பை.
தண்ணீர் இறங்க இறங்கத் தானும் இறங்கும்,
வாளியில் மிதக்கும் சிரட்டை போல.
முட்டை நாலு. வெள்ளையாய் இருந்தவை
வாரத்தில் சாயா நிறம் ஆயின.
இரைக்குப் போகுமுன் பாசியை இழுத்து மூடும்,
பாத்திரம் மூடிவிட்டுக் கடைக்குப் போகிறவள் கணக்காய்.

மே ஆறு, சாயங்காலம், போன்.
‘ரெண்டடி விடணும், ராத்திரி முழுக்க. கீழ லோடு தாங்கல.’
நாளைக்கு விடலாமா சார்?
‘ஏன்?’
சன்னலில் நாலாவது குற்றி தெரிந்தது.
ஷட்டர் இறுகிக் கிடக்கு என்றேன்.
எண்ணெய் போடு என்றார்.

எண்ணெய் போட்டேன்.

ஒன்பது மணிக்குக் குலசேகரத்திலிருந்து தங்கச்சி கூப்பிட்டாள்.
‘கரண்டு வந்துட்டு, கேட்டியா? பிள்ளை ஒறங்கிட்டு.’
அவள் பேச்சுக்குப் பின்னால் ஃபேன் ஓடும் சத்தம்.
என் சன்னலுக்குப் பின்னால்
தண்ணீர் போகும் சத்தம்.
இரண்டையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் சீகாரப்பூங்குருவி
பாதிப் பாட்டை மறந்த பையன் போல
விசிலடித்துக்கொண்டிருக்கையில் இறங்கிப் போனேன்.
சேற்றில் கால் பாதிக்குப் புதைந்தது.
கூடு குற்றியின் வேரில் சாய்ந்து தொங்கியது,
தண்ணீரிலிருந்து பதினோரு அடி தள்ளி.
அளக்கிற வேலை எனக்கு, அளந்தேன்.
மேலே பாசி மூடியிருந்தது.
தொட்டேன். ஈரம்.
ராத்திரி மூடினதென்றால் இந்நேரம் காய்ந்திருக்கும்.
எத்தனை முட்டை என்று விலக்கிப் பார்க்கவில்லை.

பாறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன்.

முக்குளிப்பானுக்கு நடக்கத் தெரியாது.
கால் ரொம்பப் பின்னால், நீந்த மட்டும் ஆனது.
கரையேறி மூன்றடி வைத்தது, விழுந்தது.
நெஞ்சால் உந்தியது. எழுந்தது. விழுந்தது.
சேற்றில் அதன் தடம்
யாரோ ஈரத்துணியை இழுத்துப்போனது போல் இருந்தது.
அதன் பக்கத்தில் இன்னொரு தடம், பழையது,
அதே வழியில்.

ஆறரைக்கு மட்டம் எடுத்தேன்.
தேதி, நேரம், அடி, திறப்பு.
ஐந்தாவது கட்டம் சின்னது,
இரண்டு வார்த்தைக்கு மேல் கொள்ளாது.

*நடந்து வருகிறது.*